டாக்டர் அபேகோனுக்கு எங்கள் ஊர் கொடுத்த வரவேற்பு

கஹட்டகொட,
செவ்வாய்க்கிழமை.

நுவரெலியாக் குளிரில் கம்பளிக்குள் சுகமாக இருக்கும் மச்சான் சுனிமலுக்கு, புத்த, தர்ம, சங்க மும்மணிகளின் துணை என்றும் கிடைக்கட்டும். தங்கச்சியும் பிள்ளைகளும் நலமா? நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை மறுக்கிறது.

எங்கள் மரண உதவிச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு ஓய்வுபெற்ற டாக்டர் அபேகோனைப் பேச அழைத்தது செயலாளராகிய நான்தான். தலைப்பு, 'நூறு வயது வாழ்வது எப்படி'. உள்காரணம் உனக்குத் தெரியும். அவர் மகன் சஞ்சீவவுக்கும் நம் மகள் நிமாஷாவுக்கும் சாதகம் பொருந்திவிட்டது. மனுசன் ஒருதரம் வந்து நம்மையும் ஊரையும் பார்த்துவிட்டால் சரி என்றுவிடுவார் என்று நினைத்தேன். இந்த ஊரில் மூளை என்று ஒரு பொருள் இருப்பதாக நம்பியது என் பிழை.

தலைவர் ஜினசேனவைத் தெரியும்தானே? இருநூறு செத்தவீடு நடத்தியவன், ஒரு பிறந்தநாள்கூட நடத்தியதில்லை. "ஏற்பாடெல்லாம் என் பொறுப்பு, நீங்க பேசாம இருங்க அண்ணே" என்றான். நானும் பேசாமல் இருந்து தொலைத்தேன். ஞாயிறு பின்னேரம் போய்ப் பார்த்தால் சந்தியிலிருந்து மண்டபம் வரை இரண்டு பக்கமும் செத்தவீட்டுக்குக் கட்டுகிற வெள்ளைக்கொடி! "என்னடா இது?" என்றால், "கொடிதானே அண்ணே, நல்லாத் தோய்ச்சுக் காயவச்சது" என்கிறான். பதாகையை வழக்கமாக நமக்கு மரண அறிவித்தல் அடிக்கிற கடையிலேயே கொடுத்திருக்கிறான். கடைக்காரர், "பிறந்த திகதி இருக்கு, மற்றத் திகதி என்ன?" என்று கேட்டிருக்கிறார். இந்த மேதாவி என்ன சொன்னான் தெரியுமா? "ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணி!" அப்படியே அடித்து, படத்துக்கு இரண்டு பக்கமும் மெழுகுதிரி எரியவிட்டுக் கொடுத்துவிட்டார்கள். நான் அதை அண்ணாந்து பார்க்கும்போது டாக்டரின் கார் சந்தியில் திரும்பிவிட்டது.

ஊர்ச் சனம் கொடியைக் கண்டால் யார் எவர் என்று கேட்குமா? வெள்ளை உடுத்தி, செத்தவீட்டுக்குக் கொண்டுபோகிற சீனிப் பொட்டலம் ஆளுக்கொன்றோடு திரண்டு வந்துவிட்டது. பதாகைக்குக் கீழே நின்று ஒப்பாரி வைத்த லீசா நோனா, காரிலிருந்து இறங்கிய டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழாதீங்க மகன். நீங்க அவரோட தம்பியா? அப்படியே உரிச்சு வச்ச முகம்!"

டாக்டர் பதாகையை முழுதாக வாசித்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

மேடையில் ஜினசேன பழக்க தோஷத்தில், "இரண்டு நிமிட மௌன அஞ்சலி" என்றான். நான் எழும்புமுன் சனம் முழுக்க எழும்பிவிட்டது. பாவம், டாக்டரும் எழும்பினார். பத்து நிமிடம் பேசினார், தேநீர்கூடக் குடிக்கவில்லை. காரில் ஏறும்போது, "விதானகே, உங்கட சங்கம் முன்னுக்கே எல்லாம் செய்து வைக்கிற சங்கம்" என்றார். நிமாஷா கதவைப் பூட்டிக்கொண்டு, "அப்பா, இனி எனக்கு மாப்பிள்ளையே பார்க்க வேணாம்" என்று அழுகிறாள். அதைக் கேட்க என்னால் முடியவில்லை மச்சான்.

பதவி விலகல் கடிதம் எழுதிவிட்டேன். நீயே அங்கே ஒரு பையனைப் பார். தகப்பன் மேடையில் பேசாதவனாக இருந்தால் போதும்.

ஜினசேன தவிர்ந்த சகல உயிர்களும் நலமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மச்சான் ஆரியபால விதானகே

பி.கு.: உறையை ஒட்டுமுன் டாக்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். "நாம போன பிறகு எத்தனை பேர் அழுவாங்கன்னு எவனுக்குத் தெரியும், விதானகே? நான் கண்ணால பார்த்திட்டேன். இந்த ஊர்லதான் சம்பந்தம் வைக்கணும்" என்கிறார். வருகிற பூரணைக்குப் பெண் கேட்டு வெற்றிலையோடு வருகிறார்கள். ஆகவே யாராவது கேட்டால், வெள்ளைக்கொடி யோசனை முழுக்க முழுக்க என்னுடையது. ஜினசேன கட்டியது மட்டும்தான். கல்யாணப் பொறுப்பும் தனக்கே என்று அவன் வாசலில் வந்து நிற்கிறான். கொடி மட்டும் வேண்டாமடா என்றேன். டாக்டரே கேட்டிருக்கிறார் என்கிறான், பாவி.