மேஸ்திரியின் முதுகு

"வலிக்குதாண்ணா?"

"இல்ல."

மேஸ்திரி ஒரு முக்காலியில் குனிந்து உட்கார்ந்து, ரோஸ் நிறத் தலையணை ஒன்றைக் கட்டிப் பிடித்திருந்தார். கண்ணில் வெளிச்சம் நுழையாத கறுப்புக் கண்ணாடி. அவருக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண், அவருடைய முதுகில் குளிர்ந்த பசையைத் தடவி, லேசர் மெஷினின் பிடியை வைத்து வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் 'டப்' என்று ஒரு சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் காய்ச்சிய கம்பியால் சுண்டியது போல ஒரு சுரீர். அறை முழுக்க முடி கருகிய வாசனை.

"ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள எவ்வளவு வலின்னு சொல்லுங்கண்ணா. அதைக் கேட்டுத்தான் நான் அளவு வைக்க முடியும்."

"ஒண்ணு."

அவள் ஒரு பொத்தானை அழுத்திச் சூட்டைக் கூட்டினாள். "இப்ப?"

"ஒண்ணுதான்."

இன்னும் கூட்டினாள். "இப்ப?"

"அரை."

மூட்டை தூக்குகிறவர்கள் நடுவே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கனக்கிறது என்று வாயைத் திறந்தவனுக்கு மறுநாள் வரிசையில் இடம் இருக்காது. இருபத்தெட்டு வருடமாக சிமென்ட் மூட்டை சுமக்கிற மேஸ்திரி, இதுவரை கனக்கிறது என்றோ வலிக்கிறது என்றோ ஒருவரிடமும் சொன்னதில்லை. பல் பிடுங்கியபோதும் சொல்லவில்லை. இந்தச் சின்னப் பெண்ணிடமா சொல்வார்?

வந்ததற்குக் காரணம் அழகு இல்லை. அவர் முதுகில் முடி அதிகம். மூட்டை தூக்குகிறவர்களுக்கு வருகிறதுதான்: மூட்டை உரசி உரசி, முடி வெளியே வர வழியில்லாமல் தோலுக்குள்ளேயே சுருண்டு, சீழ்க்கட்டியாக வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் இரண்டு முறை கீறி எடுத்தார். மூன்றாவது முறை, "ஒண்ணு முடியை எடுங்க, இல்ல மூட்டையை விடுங்க. முடியை எடுக்கறதா இருந்தா இங்கேயே தோல் டாக்டர் இருக்கார், அவர்கிட்ட வாங்க" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் நாலு பேர் பார்ப்பார்கள். அதனால் மேஸ்திரி, கிடங்குக்கு இரண்டு தெரு தள்ளி புதிதாகத் திறந்திருந்த அழகு நிலையத்துக்குள், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக நுழைந்திருந்தார்.

ஆரம்பிக்கும் முன்பே அந்தப் பெண் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டிருந்தாள்.

"வெயில்ல நிப்பீங்களா? வெயில்ல கறுத்த தோல் இந்த வெளிச்சத்தை ரொம்ப இழுத்துக்கும். புண்ணாயிடும்."

"நிழல்லதாம்மா வேலை."

அவர் முதுகில் கையில்லாத பனியனின் வடிவம் அச்சு அசலாகப் பதிந்திருந்தது. உள்ளே ஒரு நிறம், வெளியே ஒரு நிறம். அவள் அதைப் பார்த்தாள். வந்த வாடிக்கையை விட மனசு வரவில்லை. கடை திறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

"இன்னிக்கு ஓரத்துல கொஞ்சம் மட்டும் அடிச்சுப் பாப்போம். தோல் தாங்குதான்னு பாத்துட்டு மிச்சத்தை இன்னொரு நாள் செய்யலாம்."

"இன்னொரு நாளுக்கு எங்கே போறது? மொத்தத்தையும் முடிச்சு விடும்மா."

முடித்து விட்டாள்.

சாயங்காலம் வீட்டில் சட்டையைக் கழற்றியபோது மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"யாருங்க இஸ்திரிப் பெட்டியை வெச்சது?"

முதுகு முழுக்கச் செங்கல் அடுக்கியது போலச் சதுரம் சதுரமாகச் சிவந்திருந்தது. சில சதுரங்களில் கொப்புளம் எழும்ப ஆரம்பித்திருந்தது. மேஸ்திரி விஷயத்தைச் சொன்னார். கடையில் கொடுத்த தாள் சட்டைப் பையில் நாலாக மடிந்து கிடந்தது. மனைவி அதைப் பிரித்து உரக்கப் படித்தாள்.

"லேசாகச் சிவப்பது இயல்பு. ஓரிரு நாளில் அடங்கும். கொப்புளம் வந்தால் உடனே டாக்டரைப் பார்க்கவும். தோல் கறுக்கலாம், வெளுக்கவும் செய்யலாம், மாறப் பல மாதம் ஆகலாம். வெயில் ஆகாது. உரசல் ஆகாது. பற்பசை போன்ற எதையும் தடவக் கூடாது." நிமிர்ந்து பார்த்தாள். "அது என்ன வெள்ளையா, தோள்பட்டையில?"

"பற்பசை."

"எப்ப தடவினீங்க?"

"நீ படிக்கறதுக்கு முன்னாடி."

"வலிக்குதா?"

"சேச்சே."

"நாளைக்கு மூட்டை தூக்கப் போறீங்களா?"

"போகலைன்னா உன் தம்பி தூக்குவான்."

அதுதான் விஷயம். அந்தக் கிடங்கில் ஒரு வழக்கம். எந்த லாரி வந்தாலும் முதல் மூட்டையை மேஸ்திரிதான் முதுகில் வாங்க வேண்டும். அவர் கொண்டுபோய் இறக்கிய பிறகுதான் மற்ற ஆறு பேரும் முதுகு கொடுப்பார்கள். முதல் மூட்டையை வாங்க முடியாதவன் மேஸ்திரி இல்லை. அடுத்த இடத்தில் மச்சினன் நின்றுகொண்டிருந்தான். அகலமான முதுகு, குறைவான பேச்சு.

மறுநாள் மேஸ்திரி இரண்டு சட்டை போட்டுக்கொண்டு போனார். லாரியின் மேலே நின்ற பூசணி என்கிற குண்டன் முதல் மூட்டையை இறக்கினான். ஐம்பது கிலோவும் கொப்புளங்களின் மேல் உட்கார்ந்தது. மேஸ்திரி சத்தம் போடவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது.

"என்ன மேஸ்திரி?"

"தூசி."

இரண்டாவது மூட்டையைத் தலையில் வைக்கச் சொன்னார். பழக்கமில்லாத கழுத்து பத்தாவது அடியில் ஆடியது. மூட்டை விழுந்து வெடித்தது. கிடங்கு சாம்பல் மேகத்துக்குள் மறைந்தது.

மேகம் கலைந்ததும் மேஸ்திரி புதிய சட்டம் போட்டார். "இனிமே முதுகுல தூக்க வேண்டாம். ரெண்டு ரெண்டு பேரா, முன்னால கையில பிடிச்சுத் தூக்குங்க. உடம்பையும் பாத்துக்கணும்ல?"

டீ நேரத்தைப் பத்து நிமிஷம் தள்ளி வைத்தாலே அரை நாள் சண்டை போடுகிறவர்கள். அன்றைக்கு ஆறு பேரும் ஒரே குரலில், "சரிங்க மேஸ்திரி" என்றார்கள்.

மேஸ்திரிக்குச் சந்தேகம் வந்தது. இவனுங்க இவ்வளவு சீக்கிரம் எதுக்கும் ஒத்துக்கிட்டதில்லையே.

உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். கொக்கு என்கிற நெட்டையன் இரண்டு கையையும் உடம்பில் படாமல் அகட்டி, முதுகை விறைத்து, தரையில் முட்டை பரப்பியிருப்பது போல நடந்தான். டீ குடிக்கும்போது மூட்டை அடுக்கில் சாய்ந்து குறட்டை விடுகிற பூசணி, சாயாமல் நின்றுகொண்டே குடித்தான். மச்சினன் அந்த வேக்காட்டில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான்.

மேஸ்திரிக்குப் புரிந்துவிட்டது. எவனோ அவரை அந்தப் பின்வாசலில் பார்த்துவிட்டான். இப்போது எல்லாரும் சேர்ந்து அவரைப் போலவே நடித்துக் காட்டுகிறார்கள்.

"டேய் கொக்கு! என்னடா நடை அது?"

"எப்படி மேஸ்திரி?"

"என்னை மாதிரி நடக்கற!"

"நீங்க எப்படி நடக்கறீங்க மேஸ்திரி?"

மேஸ்திரி மூட்டைகளை எண்ணத் தொடங்கினார்.

மதியத்துக்குள் இறக்க வேண்டிய லாரி சாயங்காலம் வரை நின்றது. கிடங்கு மேனேஜர் வெளியே வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"என்ன மேஸ்திரி இது? தூங்கற குழந்தையைத் தூக்கிட்டுப் போற மாதிரி போறாங்க?"

"புது முறைங்க."

"நாளை மறுநாள் அஞ்சு லாரி வருது. பழைய முறையில இறக்க முடிஞ்சா சொல்லுங்க. இல்லேன்னா வேற ஆளுங்களை வெச்சுக்கறேன். அப்புறம் நீங்களும் வேண்டாம், உங்க புது முறையும் வேண்டாம்."

மேனேஜர் உள்ளே போனதும் மேஸ்திரிக்கு ரத்தம் கொதித்தது. நடிக்கிறவர்களை ஒரே அடியில் பிடித்துவிட நினைத்தார்.

"எல்லாரும் சட்டையைக் கழட்டுங்கடா! சட்டையும் கிட்டையும் போட்டுக்கிட்டு என்ன மாப்பிள்ளை விருந்துக்கா வந்தீங்க? கழட்டிட்டு வேகமா வேலையைப் பாருங்க!"

ஒரு பொத்தான்கூட அவிழவில்லை. கடைசியில் மச்சினன்தான் வாயைத் திறந்தான்.

"நீங்க முதல்ல கழட்டுங்க மாமா. எதையும் மேஸ்திரிதானே முதல்ல செய்யணும்?"

பார்த்தாயா, வைத்தான் பார் ஆப்பு. மேஸ்திரி நெற்றியில் வழிந்த வியர்வையைத் துடைத்தார். தகரக் கூரை வெயிலில் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது.

"இல்ல... கொஞ்சம் குளிர் காத்தா இருக்கு. போட்டுக்கோங்க."

"ஆமாங்க மேஸ்திரி," என்றான் பூசணி, மூக்கு நுனியில் வியர்வை சொட்ட. "குளிருது."

"ரொம்பக் குளிருது," என்றான் கொக்கு.

இதற்கு மேல் ஒரு மனிதனைக் கேலி செய்ய முடியாது என்று மேஸ்திரிக்குத் தோன்றியது.

வீட்டில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மனைவி தண்ணீர் விட்டு நனைத்து நனைத்துப் பிரித்தாள். நாலு கொப்புளம் உடைந்திருந்தது.

"காலையில ஆஸ்பத்திரிக்குப் போறீங்க."

"அங்க யாராவது பாத்துட்டா?"

"போகலைன்னா நானே குடோனுக்கு வந்து, எல்லார் முன்னாடியும் உங்க சட்டையைத் தூக்கிக் காட்டுவேன். என் தம்பியும் நல்லாப் பாக்கட்டும்."

சொன்னால் செய்கிறவள். மேஸ்திரி உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கிடங்குக்குத் திரும்பினார். ஆட்கள் கடைசி மூட்டையை இறக்கிவிட்டு அப்போதுதான் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு லாரி இல்ல. எல்லாருக்கும் லீவு. மறுநாள் அஞ்சு லாரி வருது, நல்லா ஓய்வு எடுத்துட்டு வாங்க."

ஆறு பேரின் முகத்திலும் அப்படி ஒரு வெளிச்சம். லீவு கொடுத்தால் பணம் போச்சே என்று முணுமுணுக்கிற கொக்குகூடச் சிரித்தான்.

"நீங்க எங்க போறீங்க மாமா?" என்றான் மச்சினன்.

"நானா? ஒரு சொந்தக்காரரைப் பாக்கணும். நீ?"

"நானும் ஒரு சொந்தக்காரரைத்தான்."

"உனக்கு எந்த சொந்தக்காரர்டா, எனக்குத் தெரியாம?"

"உங்களுக்கு எந்த சொந்தக்காரர் மாமா, எனக்குத் தெரியாம?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவருமே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது மேஸ்திரிக்குக் கணக்கு சரியாக வந்தது. மச்சினன் நாளைக்கு மேனேஜரைப் பார்க்கப் போகிறான். மாமாவால் முடியவில்லை, முதல் மூட்டையை இனி நான் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லப் போகிறான். மற்ற ஐந்து பேரும் அவன் பக்கம். இருபத்தெட்டு வருடம் ஒரு முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது. இறக்கி வைக்க ஒரு நாள் போதும் போலிருக்கிறது.

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கிடங்குப் பக்கம் ஒரு எட்டு போய்ப் பார்த்தார். பெரிய பூட்டு தொங்கியது. மேனேஜரும் இல்லை, மச்சினனும் இல்லை. எதிர் டீக்கடையில் விசாரித்தார்.

"உங்க ஆளுங்களா? அப்பவே ஒவ்வொருத்தரா இந்தப் பக்கம் போனாங்களே. ஒருத்தரும் டீகூடக் குடிக்கல. கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்கல."

அப்போ சரி. மொத்தப் பேரும் எங்கேயோ கூடியிருக்கிறார்கள்.

இனி மறைத்துத்தான் என்ன ஆகப்போகிறது என்று, தலையில் போட்டிருந்த துண்டை எடுத்துத் தோளில் போடப் போனார். தோள் எரிந்தது. கையிலேயே வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியின் தோல் பிரிவு வாசலில் நர்ஸ் ஒருத்தி மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள். நடுத்தர வயது. சீட்டு எழுதுகிற பேனாவை மூடாமல் நிமிர்ந்தாள்.

"என்ன செய்யுது?"

"முதுகுல... சின்னதா ஒரு சிராய்ப்பு."

"திரும்புங்க."

திரும்பினார். அவள் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். ஐயோ என்றும் சொல்லவில்லை, எப்படி ஆச்சு என்றும் கேட்கவில்லை. ஈரப் பஞ்சால் ஓரத்தில் மெல்லத் தொட்டாள்.

"வலிக்குதா?"

மேஸ்திரி வராந்தாவின் இந்தக் கோடியைப் பார்த்தார். அந்தக் கோடியைப் பார்த்தார். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. உள்ளே போகிற கதவு மட்டும் பாதி திறந்து, பச்சைத் திரை ஆடிக்கொண்டிருந்தது.

"வலிக்குதும்மா," என்றார். சொன்னதும் உடம்பே லேசானது போலிருந்தது. "ரொம்ப வலிக்குது. உயிரே போகுது."

நர்ஸ் சட்டையை இறக்கிவிட்டு, திரைப் பக்கம் திரும்பி, வராந்தா அதிரக் குரல் கொடுத்தாள்:

"டாக்டர், அந்த லேசர் கடைக்குப் போன குடோன் ஆளுங்கள்ல ஏழாவது முதுகும் வந்தாச்சு, உள்ள இருக்கற ஆறு பேரையும் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லுங்க — வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொன்னது இந்த ஒருத்தர்தான்!"