மீட்டிங்குக்கு வந்த பெரிய முதலாளி

செத்துப்போன ஒருவரை நான் மீட்டிங்குக்கு வரவழைத்திருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை, பாவ மன்னிப்புக்குச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. துடியலூர் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை. ஆறு மாதம் முடிந்தால்தான் நிரந்தரம். இ-மெயிலைப் படித்தபடியே ஒரு பட்டனைத் தட்டினால், அந்தக் கடிதப் போக்குவரத்தில் இருக்கும் எல்லோருக்கும் மீட்டிங் அழைப்பு போய்விடும் என்று புது மென்பொருள் வந்திருந்தது. (எனக்குத் தலைகால் புரியவில்லை.) ஏஜென்சியை விட்டுவிடுவேன் என்று மிரட்டிக்கொண்டிருந்த ஈரோடு டீலர், வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வருவதாக எழுதினார். தட்டினேன்.

ஒரே நிமிடத்தில் எல்லோருக்கும் பதில் வந்தது: 'பெரிய முதலாளி வருகிறார்.'

அவருக்குக் காரியம் முடிந்து இருபது நாள் ஆகியிருந்தது. பழைய மெயிலில் அவர் பெயரும் இருந்ததை நான் பார்க்கவில்லை. அவருடைய அறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். மகன், அதாவது சின்ன முதலாளி, காலையில் மட்டும் திறந்து படத்துக்கு விளக்கேற்றி, அப்பா செய்வதுபோலவே கம்ப்யூட்டரையும் போட்டுவிட்டுப் பூட்டுவார்.

சின்ன முதலாளி அந்தப் பதிலைப் பிரிண்ட் எடுத்த தாளோடு என் மேசைக்கு வந்தார்.

"ஏனுங் தம்பி, இது அப்பா அனுப்புனதுங்களா?"

அழைப்பு வந்தால் தானாகவே 'வருகிறேன்' என்று பதில் போகும்படி, பெரியவர் இருக்கும்போது நான்தான் செய்துகொடுத்திருந்தேன். ஆனால் ராகு காலத்தில் அழைத்தால் 'வரமாட்டேன்' என்று போக வேண்டும் என்பது அவர் கண்டிப்பு. வெள்ளி பதினொன்று சுத்தமான ராகு காலம். 'வரமாட்டேன்' என்றல்லவா போயிருக்க வேண்டும்?

"அப்பா வாரேன்னு சொல்லிப்போட்டாருங்க. நேரத்தை மாத்த வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மீட்டிங் மேசையின் தலைப்பக்கம் காலி நாற்காலி, அதன் முன்னால் சர்க்கரை போடாத காபி. பதினொன்றுக்குக் கால் மணி இருக்கையில், பூட்டிய அறைக்குள்ளிருந்து 'டிங்' என்று மணி அடித்தது. காபியிலிருந்து ஆவி மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஈரோட்டுக்காரர் நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டு, ஏஜென்சியை விடமாட்டேன் என்று அதனிடமே சத்தியம் செய்தார். (மகனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.)

எனக்குச் சந்தேகம் தாங்கவில்லை. சாவி வாங்கிப் போய்ப் பார்த்தேன். அந்த மணி மீட்டிங்கை நினைவூட்டுகிற மணி. ராகு காலப் பட்டியலில் வெள்ளிக்கிழமைக்கு வியாழனின் நேரத்தைப் போட்டு வைத்திருந்தவன் நான்; அதனால்தான் 'வருகிறேன்' என்று போயிருக்கிறது. வேலை போனால் போகட்டும் என்று சின்ன முதலாளியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க தம்பி. அப்பா வாராருன்னு கேட்டுப்போட்டு இன்னைக்குத்தான் ரெண்டு இட்லி சாப்பிட்டாங்க."

அந்த மாதமே வேலை நிரந்தரமானது. போத்தனூரில் என் கல்யாணத்துக்கு அந்த அம்மா வந்தார். என் காதோரம் குனிந்து, "அவருக்கும் சொல்லியாச்சுங்களா கண்ணு?" என்று கேட்டார். "சொல்லியாச்சுங்கம்மா" என்றேன். பக்கத்தில் நின்ற புதுப்பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. அன்றிரவே விவரம் சொல்ல வேண்டியதாயிற்று.

இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு யாராவது வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டால், என் மனைவி போனிலேயே அவர்களிடம் சொல்வாள்: "இவரு கூப்பிடறாருங்க. போய்ச் சேர்ந்தவங்களே வந்திருக்காங்க, உங்களுக்கென்ன?"