மூலாங்கா நகர மண்டபத்துக்கு ஸ்பீக்கர் வாங்கிய வரலாறு

தென் ஆஸ்திரேலியாவின் கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் மூலாங்கா நகர சபை வறட்சியைப் பார்த்திருக்கிறது, எலிப் படையெடுப்பையும் பார்த்திருக்கிறது. அப்போதெல்லாம் அது பதறியதில்லை. கூட்டம் போட்டது, தேநீர் குடித்தது, கலைந்தது. எலிகளும் தாமாகவே போய்விட்டன. ஆனால் நகர மண்டபத்துக்குத் தரையில் நிற்கும் ஆளுயர ஸ்பீக்கர் வாங்குவதா, அலமாரியில் வைக்கும் குட்டி ஸ்பீக்கரும் கூடவே அடித் தாளத்தை மட்டும் உறுமும் சப் ஊஃபர் பெட்டி ஒன்றும் வாங்குவதா என்ற கேள்வி வந்தபோது சபைக்கு உண்மையிலேயே கை கால் உதறியது.

கேள்விக்குக் காரணமானவர் க்ளெனிஸ் ட்ரெகென்சா. வியாழன் மதியம் மண்டபத்தில், ஜோடி ஜோடியாகச் சுற்றி ஆடும் வால்ட்ஸ் நடனம் நடத்துகிறவர். அன்று பாதி ஆட்டத்தில் பழைய ஸ்பீக்கர் ஒரு முறை இருமிவிட்டு உயிரை விட்டது. எல்லோரும் நின்றார்கள். லிண்ட்சே ஹாக்கிங் மட்டும் இன்னும் ஒரு சுற்று தனியாகச் சுற்றிவிட்டுத்தான் நின்றார்.

லிண்ட்சேக்கு முக்கால்வாசிக் காது போய்விட்டது. பாட்டின் தாளம் பலகைத் தரை வழியாக உள்ளங்காலில் ஏறும். அதை வைத்துக்கொண்டே பிசகாமல் ஆடுவார். மனைவி போன பிறகு பண்ணையை விட்டு அவர் வெளியே வருவதே வியாழனன்றுதான். நடனம் நின்றால் அந்த மனிதர் ஆடுகளோடு மட்டும் பேசுகிறவராகிவிடுவார் என்று க்ளெனிஸுக்குப் பயம். எனவே மறுநாளே மண்டப மேலாளர் ஃப்ரேசர் கிட்டலின் அறைக்குப் போனார்.

"ஃப்ரேசர், பாட்டு கேட்டாப் போதும்பா. எதையாவது வாங்கிக் குடு."

"எதையாவது வாங்குறதுக்குச் சபையில வழிமுறையே இல்ல க்ளெனிஸ். எதுன்னு முடிவு பண்ணித்தான் வாங்க முடியும். முடிவு பண்ண நிபுணர் வரணும்."

நிபுணர் அடிலெய்டிலிருந்து வந்தார். பெயர் ஐவன் லாட்டிமர். கணுக்கால் தெரியும் கால்சட்டை. மண்டபத்தின் நடுவில் நின்று ஒரே ஒரு முறை கை தட்டி, கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்த அறைக்குள்ள ஒரு சோகம் இருக்கு."

"கூரை ஒழுகுது," என்றார் க்ளெனிஸ்.

"நீங்க பாட்டைக் கேக்குறீங்கம்மா. நான் பாட்டுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியைக் கேக்குறேன்."

"அதுக்கு ஸ்பீக்கர் எதுக்கு? இப்ப இங்க இடைவெளி மட்டும்தானே இருக்கு?"

இது நகைச்சுவை என்று கருதப்பட்டு, சபைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

நிபுணர் போய்விட்டார்; அவர் பேச்சு ஊரிலேயே தங்கிவிட்டது. நேற்றுவரை டிராக்டர் ரேடியோவைத் தவிர வேறெதையும் கேட்டறியாதவர்கள் பேக்கரியில் கறி அடைத்த பாஸ்டி தின்றுகொண்டே, "ஒலிக்கு மூச்சு விட இடம் வேணும், நண்பா," என்றார்கள். ஊர் நெட்டைக் கட்சி, குட்டைக் கட்சி என்று இரண்டாயிற்று. கசாப்புக் கடைக்காரர் குட்டைக் கட்சி என்பதால் நெட்டைக் கட்சியார் சிலர் கறி தின்பதையே நிறுத்தினார்கள்.

சபை கூடியது. நெட்டை ஸ்பீக்கர் முதலில் ஆராயப்பட்டது. குழந்தை உயரத்துக்கு மேற்பட்ட எந்தப் பொருளும் சாய்ந்து விழாதபடி தரையோடு முடுக்கப்பட வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. மண்டபத்தின் தரையோ பாரம்பரியச் சின்னம்; அதில் ஆணிகூட இறக்கக் கூடாது. நெட்டை தோற்றது.

"அப்போ குட்டை ஸ்பீக்கரை மேடை மேல வெச்சிரலாமே?" என்றார் க்ளெனிஸ்.

"அது புத்தக அலமாரி ஸ்பீக்கர்னு பெட்டியிலேயே போட்டிருக்கு," என்றார் ஃப்ரேசர் பொறுமையாக. "புத்தக அலமாரியில இல்லாம வேற எங்க வெச்சாலும் முறைகேடு."

ஆகவே அலமாரி வாங்கப்பட்டது. அலமாரி வெறுமையாக நின்றது பொதுச் சொத்தை வீணடிப்பதாகத் தணிக்கையாளர் எழுதினார். ஆகவே புத்தகங்கள் வந்தன. பொதுமக்கள் புழங்கும் இடத்தில் பொதுப் புத்தகங்கள் இருந்தால் அது சட்டப்படி நூலகக் கிளை. ஆகவே நகர மண்டபம் நூலகக் கிளையாக அறிவிக்கப்பட்டு, புது ஸ்பீக்கருக்கு நேர் மேலே "அமைதி காக்கவும்" என்று பலகை மாட்டப்பட்டது.

சப் ஊஃபர் எந்த இலாகாவிலும் அடங்கவில்லை. அது அலமாரியில் ஏறாது, அறைகலனும் அல்ல. மூலையில் கிடக்கிறது, உறுமுகிறது. நீண்ட விவாதத்துக்குப் பின் அது கால்நடை மற்றும் நாய்கள் பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தப் பிரிவின் அதிகாரி நேரில் வந்து, அதைச் சுற்றிப் பார்த்து, கடிக்காது என்று சான்றளித்து, நாய்ப் பட்டை மாட்டக் கழுத்து எது என்று கொஞ்சம் தேடினார். கடைசியில் வயரில் மாட்டிவிட்டுப் போனார்.

திறப்பு விழா வியாழன் மதியம். மேயர் ரிப்பன் வெட்டினார். லிண்ட்சே ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு வந்திருந்தார். க்ளெனிஸ் பாட்டைப் போடக் கை நீட்டியதும் நூலகப் பொறுப்பாளர் உதட்டில் விரல் வைத்தார்.

"ஃப்ரேசர், ஆடத்தானேப்பா வந்திருக்கோம்!"

"தாராளமா ஆடுங்க. சத்தம் மட்டும் கூடாது."

லிண்ட்சே தரையைப் பார்த்தபடி நின்றார். பிறகு மெல்லத் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்க்கத் திரும்பினார்.

"இரு லிண்ட்சே!" என்று கத்திவிட்டு, க்ளெனிஸ் ஃப்ரேசரிடம் திரும்பினார். "நாய் பகல்ல குரைக்கலாமா?"

"பகல்ல அனுமதி உண்டு."

"நூலகத்துக்குள்ள?"

ஃப்ரேசர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "அது வேற பிரிவு. நூலகம் அதுல தலையிட முடியாது."

க்ளெனிஸ் குட்டை ஸ்பீக்கரின் வயர்களைப் பிடுங்கிப் போட்டார். ஊஃபரை மட்டும் போட்டார். மெட்டும் இல்லை, குரலும் இல்லை. தும்... தும்... தும்... என்று தரை மட்டும் அதிர்ந்தது. லிண்ட்சேயின் முகம் மலர்ந்தது. தொப்பியை நாற்காலியில் போட்டுவிட்டு, கையை நீட்டினார். மற்றவர்கள் முதலில் தடுமாறினார்கள். பிறகு லிண்ட்சேயின் காலைப் பார்த்துப் பார்த்து ஆடினார்கள்.

அதோடு விட்டிருந்தால் நல்ல முடிவு. ஆனால் செய்தி அடிலெய்டுக்குப் போய்விட்டது. ஐவன் லாட்டிமர் ஓடி வந்து, சுவரில் சாய்ந்து அழுதார். "மெட்டையே துறந்துட்டாங்க!" என்றார். நகரத்திலிருந்து கார்கள் வந்தன. தும் நடனம் நாகரிகமாயிற்று. க்ளெனிஸுக்குப் பாராட்டு விழா நடந்தது. அரசாங்கமே மனம் இரங்கி, அமைதி விதியைத் தளர்த்தி, முழுப் பாட்டையும் போட்டுக்கொள்ளலாம் என்று ஆணை அனுப்பியபோது, நடனக்காரர்கள் வாக்கெடுப்பு நடத்தி அதை நிராகரித்தார்கள்.

லிண்ட்சேக்கு இந்தக் கூட்டத்தில் புது நண்பர்கள் கிடைத்தார்கள். அவர்கள் சொல்லித்தான் போர்ட் அகஸ்டா நகரத்துக்குப் போய்க் காதுக்கு மெஷின் வைத்துக்கொண்டார். அடுத்த வியாழன் ஆவலாக வந்தார். நடனம் தொடங்கியது. அவர் நின்று, தலையைச் சாய்த்து, சுற்றிலும் பார்த்தார்.

"க்ளெனிஸ், பாட்டு எங்க?"

"இதுதான் பாட்டு."

"இது வெறும் இடி இல்லையா? நீங்கல்லாம் இவ்வளவு நாளா ஏதோ பாட்டு கேட்டு ஆடுறீங்கன்னுல்ல நெனச்சேன்! அந்த வால்ட்ஸைப் போடேன், ஒரு தடவை கேட்டுக்கிறேன்."

பக்கத்தில் ஆடியவர்கள் முகம் சுளித்தார்கள். க்ளெனிஸ் அவர் தோளில் பரிவாகக் கை வைத்தார்.

"பாட்டை எதிர்பார்க்கக் கூடாது லிண்ட்சே. நடுவுல இருக்கிற இடைவெளியைக் கேக்கப் பழகணும். உனக்குப் போகப் போகப் புரியும்."

லிண்ட்சே காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கையை நீட்டினார்.

"இப்ப நல்லாக் கேக்குது," என்றார்.