கேள்வி சாமியும் அடி அண்ணாமலை இட்லியும்

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். படிப்பு ஐந்தாம் வகுப்பு. பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவண்ணாமலையில் சாமியிடம் வரம் கேட்காத ஒரே பக்தர் கேள்வி சாமிதான். தொழில் இஸ்திரி. ஊர்ச் சட்டைகளின் சுருக்கமெல்லாம் அவர் சட்டைக்கு வந்துவிடும்.

எழுபதுகளின் கடைசி. எனக்குப் பத்தொன்பது வயது, ஜவுளிக்கடையில் வேலை. கூச்சம் ஜாஸ்தி. யாராவது விலை கேட்டாலே பீரோவுக்குப் பின்னால் போய்விடுவேன்.

"தீபாவளிக்குள்ள வாயத் தொறக்கலன்னா ஊருக்கே போயி மாடு மேயி" என்றார் முதலாளி. ஊரில் மாடும் இல்லை.

இஸ்திரித் துணி கொடுக்க வந்த கேள்வி சாமி அதைக் கேட்டுவிட்டார். "ஞாயித்துக்கெழம காலைல மலை சுத்த வாடா" என்றார்.

ஞாயிறுதோறும் இளவட்டங்களைக் கிரிவலம் அழைத்துப்போவார். உபதேசமே கிடையாது. ஒரே சட்டம்: வழியிலுள்ள லிங்கங்களில் ஆளுக்கொரு கேள்வியை உரக்கக் கேட்க வேண்டும். எல்லாரும் கேட்டால்தான் பாதி வழியில் வரும் அடி அண்ணாமலை ஊரில் இட்லி.

எம லிங்கத்தில் காய்கறிக்கடை வேலு கேட்டான்: "சாமி, எங்க முதலாளி எப்ப சாவாரு?"

"டேய், அது கேள்வி மாதிரி வேஷம் போட்ட வரம்! வேற கேளு."

"எமனுக்கு லீவு உண்டா?"

"இது கேள்வி!"

வருண லிங்கம் வரை வந்தாயிற்று. பாக்கி நான் மட்டும். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"எனக்கே கேக்கலியே, அவருக்கு எப்டிடா கேக்கும்?" என்று கேள்வி சாமி சாலையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறியது.

"கேட்டுத் தொலைடா மச்சான், இட்லி ஆறிப்போவுது!" என்றான் வேலு.

எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல். "அண்ணாமலையாரே! என்னைப் பாத்தா ஜனங்க சிரிப்பாங்களா?"

கும்பிட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். சிரிக்கவில்லை. "யாரு தம்பி உன்னப் பாத்து சிரிச்சது?" என்றார்.

அன்று ஒன்பது இட்லி தின்றேன்.

மறுநாள் கடைக்கு ஒரு பெண்மணி வந்தார். பேச்சு வரவில்லை. கேள்விதான் வந்தது: "யாருக்கும்மா பொடவ?" அவ்வளவுதான். மகளின் நிச்சயதார்த்தம், சம்பந்தியின் கோபம் எல்லாம் அவரே அரை மணி நேரம் பேசினார். நான் தலையாட்டினேன். மூன்று பட்டுப்புடவை விற்றது. கேட்டால் போதும், மற்றவர்கள் பேசிக்கொள்வார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. தீபாவளிக்கு முதலாளி மாட்டுப் பேச்சையே எடுக்கவில்லை.

கேள்வி சாமி மட்டும் உரக்கக் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. ஒரு ஞாயிறு, கடைசியான ஈசான்ய லிங்கத்தில் செருப்பை எடுக்கத் திரும்பி வந்தேன். தனியே நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"படிக்காதவன் நானு. இந்தப் பசங்களுக்கு நான் போதுமா, அண்ணாமலையாரே?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழைய கூச்சம். அவர் போய்ச் சேர்ந்தும் பல வருஷமாகிறது.

போதும் சாமி. ஜாஸ்தியாகவே இருந்தீங்க.

எழுதி முடித்தது: ஐப்பசி மாதம், தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு.