மொட்டு பொய் சொல்லாது

நெருப்பைக் கண்டுபிடித்தவர்கள் மேல் நமக்கு ஒரே ஒரு வருத்தம்தான்: அதற்கு முன் அவர்கள் ஒரு குழு அமைக்கவில்லை. கூட்டம் போடவில்லை, குறிப்பு எழுதவில்லை. குளிர்கிறது என்று சொன்னவன் கையில் கொள்ளியைக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். மனிதகுலத்தின் இந்த அவசரப் புத்தியைத் திருத்திய பெருமை, கார்ன்வால் கடற்கரையில் சரிவு சரிவாக மஞ்சள் டாஃபடில் பூ வளர்க்கும் நான்கரோ குடும்பப் பண்ணையையே சேரும். பூப்பறிக்கும் தொழிலாளர்கள் டிசம்பர் முதல் வாரம் ஹீட்டர் கேட்டார்கள். பிப்ரவரிக் கடைசியில் ‘கதகதப்புக் குழு’ அமைந்தது. நடுவில் ஓடிய நாட்களைப் பண்ணை வீணாக்கவில்லை. குழுவுக்குப் பெயர் தேடியது.

குழுவின் செயலாளர் இவெலினா. பல்கேரியாக்காரி. அவள் வம்சத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். அதுவும் இங்கிலாந்திலேயே வாங்கியவள். அந்தப் பட்டத்துக்குப் பண்ணை தந்த பதவி ‘நலவாழ்வு அலுவலர்’. வேலை எளிது. பல்கேரியாவிலிருந்து வந்த நாற்பத்திரண்டு பேருக்கும் குளிர்கிறது என்பதை நல்ல ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும். முன்பு அவர்கள் அதை மோசமான ஆங்கிலத்தில் சொன்னதால் முதலாளிக்குப் புரியாமல் இருந்தது. இப்போது நன்றாகப் புரிந்தது. அது ஒரு முன்னேற்றம்.

அந்த நாற்பத்திரண்டு பேரில் ஒருத்தி ஸ்டான்கா, இவெலினாவின் அம்மா. பதினாலாம் எண் கேரவனில் இருந்தாள். கேரவன் என்றதும் சினிமா நட்சத்திரங்கள் இளைப்பாறும் குளிர்சாதன வண்டியை நினைத்துவிட வேண்டாம். இதிலும் குளிர் உண்டு, சாதனம்தான் கிடையாது. என்றைக்கோ விடுமுறைக்கு வந்தவர்கள் கோடையில் தங்கிக் கழித்துப்போட்ட வண்டி. சுவர் பிஸ்கட் டப்பாவின் கனம். காலையில் கண்ணாடியின் உள்பக்கம் பனி உறைந்திருக்கும். வண்டிக்கு மூன்று பேர். ஸ்டான்கா படுப்பதற்கு முன் படுக்கை விரிப்பை இஸ்திரி போடுவாள். சூடு ஆறுவதற்குள் உள்ளே புகுந்துகொள்வாள். இரண்டு குளிர்காலமாக அவளுக்கு விடாத இருமல்.

மகள் நகரத்தில் வாடகை அறையில் இருந்தாள். அம்மாவைக் கூட வைத்துக்கொள்ள வழியில்லை. ஒருவருக்கென்று விட்ட அறை. வீட்டுக்காரி குளியலறையில் பல்துலக்கிகளை எண்ணிப் பார்க்கிற ரகம்.

“ஏண்டி இவா, இவ்வளவு படிச்சியே, ஒரு ஹீட்டர் வாங்கித் தர ஒரு வழி படிக்கலையா?” என்று ஸ்டான்கா கேட்டாள்.

“குழு போட்டிருக்காங்கம்மா.”

“குழுன்னா? கரண்ட்ல ஓடுமா, கேஸ்லயா?”

முதல் கூட்டம் முதலாளி டென்சில் நான்கரோவின் வீட்டில், கணப்பு அடுப்பின் முன்னால் நடந்தது. உறுப்பினர்கள் நால்வர்: டென்சில், அவர் மனைவி மொர்வென்னா, பூக்கொட்டகை மேலாளர் பாஸ்கோ, இவெலினா. அறை வெப்பம் தாங்காமல் எல்லோரும் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் குளிரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். முதல் இருபது நிமிடம் பலகாரத்தில் ஜாமை முதலில் தடவுவதா, கிரீமை முதலில் தடவுவதா என்பதில் போயிற்று. கார்ன்வாலில் ஜாம்தான் முதலில், மறுத்துப் பேசுகிறவன் பக்கத்து மாவட்டத்துக்காரன் என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

“டென்சில் சார்,” என்று இவெலினா தொடங்கினாள்.

“சார் எல்லாம் வேண்டாம் கண்ணு. நாமெல்லாம் ஒரே குடும்பம். டென்சில்னே கூப்பிடு.”

“சரி டென்சில். உங்க குடும்பத்துல நாற்பத்திரண்டு பேர் விறைச்சுப் போயிருக்காங்க.”

டென்சில் வருத்தத்துடன் இன்னொரு கட்டையை அடுப்பில் போட்டார்.

ஹீட்டர் கச்சிதமாக இருக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடே இல்லை. கேரவனில் கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் காலியாக இருப்பது ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வைக்கிற இடம். அதற்குள் அடங்க வேண்டும். கடையிலிருந்து மூன்று ஹீட்டர்கள் சோதனைக்கு வந்திருந்தன.

மொர்வென்னாவின் தேர்வு சுவரில் மாட்டுவது. கண்ணாடிக்குள் நெருப்பு எரிகிற மாதிரி படம் ஓடும். சூடு வராது, சூடு வருகிற வகைக்கு விலை கூடுதல். “பார்த்தாலே கதகதப்பா இல்ல? குளிரே பாதி மனசுலதானே தங்கம் இருக்கு,” என்றார்.

“மீதிப் பாதி எங்கம்மா நெஞ்சுல இருக்கு,” என்றாள் இவெலினா. நலவாழ்வு அலுவலர் ‘தனிப்பட்ட விஷயங்களை’க் கலக்கிறார் என்று குறிப்பில் ஏறியது. எழுதியவளும் அவளே.

டென்சிலின் தேர்வு கேஸ் ஹீட்டர். கொட்டகையில் பழைய சிலிண்டர்கள் கிடந்தன. மூடின வண்டிக்குள் எரித்தால் விஷப்புகை கட்டாதா என்று கேட்டதற்கு, “ஜன்னலைத் திறந்து வச்சா ஒண்ணும் ஆகாது கண்ணு,” என்றார்.

“ஜன்னலைத் திறந்து வச்சுக் குளிர் காயணுமா?”

“காத்தோட்டம் உடம்புக்கு நல்லது.”

மூன்றாவது இவெலினாவின் தேர்வு. உள்ளே எண்ணெய் நிரப்பி, இரும்புத் தகடுகளை அப்பளம்போல் அடுக்கிய சின்ன மின் ஹீட்டர். மெதுவாகச் சுடும், மெதுவாக ஆறும், சத்தம் போடாது, யாரையும் கொல்லாது. பூட்ஸ் இடத்தில் உட்காரும். தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள அதற்கு எதுவும் தெரியவில்லை. அதனாலேயே குழுவுக்கு அதன்மேல் சந்தேகம்.

“மூணையும் பதினாலாம் நம்பர்ல நாளுக்கு ஒண்ணா வச்சுப் பார்ப்போம். அளந்தா தெரிஞ்சுபோகுது,” என்றார் பாஸ்கோ. முப்பது வருடமாகப் பூவைத் தவிர எதன் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காதவர்.

எதை வைத்து அளப்பது? பண்ணையிலிருந்த ஒரே வெப்பமானி, பறித்த மொட்டுகளை அடுக்கும் குளிர் அறையின் சுவரில் திருகப்பட்டிருந்தது. 

“அங்கே இருக்கிறவங்களைக் கேட்டா போதாதா?” என்றாள் இவெலினா.

“ஆளைக் கேட்டா ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க பொண்ணு. குளிருதும்பாங்க, இல்லைம்பாங்க, சம்பளத்தை ஏத்தும்பாங்க. ஒரு வாளி மொட்டு வை. கதகதப்பா இருந்தா விரியும், இல்லேன்னா விரியாது. மொட்டு பொய் சொல்லாது.”

குழு கைதட்டியது. ஓர் அறையில் மனிதர் வாழ முடியுமா என்பதைப் பூவிடம் கேட்டு அறியும் இந்த முறை உலகில் வேறெங்கும் இல்லை என்று துணிந்து சொல்லலாம்.

மறுநாள் நூறு மொட்டுகள் கொண்ட வாளி ஸ்டான்காவின் மேசையில் ஏறியது.

“இதென்னடி, எனக்குப் பூவா? நான் இன்னும் சாகலையே?”

“சோதனைம்மா. வாளியைத் தொடாதே. பக்கத்துல மூச்சுகூட விடாதே, கணக்கு மாறிடுமாம்.”

“எங்க இருமுறது அப்போ?”

“வெளியில.”

சொன்ன பிறகுதான் இவெலினாவுக்குத் தன் வாய்மேல் கோபம் வந்தது. ஸ்டான்கா சிரித்தாள். கூட இருந்த இரண்டு பெண்களும் சிரித்தார்கள். அப்புறம் இருமலுக்கு மூவரும் முறை போட்டு வெளியே போய்வந்தார்கள்.

நெருப்புப் படத்தின் முன் ஒரு மொட்டும் விரியவில்லை. பூக்களுக்குக் கற்பனை வளம் போதாது என்று மொர்வென்னா கருதினார். கேஸ் ஹீட்டருக்கு நாற்பத்தொன்று விரிந்தது, ஆனால் இதழ் ஓரம் கருகிவிட்டது. மூன்று பெண்களும் தலைவலியோடு எழுந்தார்கள். அது அளவீட்டில் சேராது. மூன்றாம் நாள் எண்ணெய் ஹீட்டர். காலையில் பாஸ்கோ வந்து எண்ணினார். தொண்ணூற்றாறு! மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அம்மா, நீ?” என்றாள் இவெலினா.

“இஸ்திரிப் பெட்டியைத் தொடவே இல்லைடி. இருமலும் வரலை. கால்விரல் பத்தும் இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.”

குழு கூடியது. மின்கம்பி ஏழுக்கு மேல் தாங்காது என்பதால் ஏழு எண்ணெய் ஹீட்டர்கள் வாங்கப்பட்டன. வயதானவர்கள், நோயாளிகள் இருக்கும் ஏழு கேரவன்களுக்கு முதலில். பட்டியலில் முதல் எண் பதினாலு. இவெலினா தீர்மானத்தைத் தன் கையாலேயே எழுதி, அழகாகக் கோடும் போட்டாள். பட்டம் வாங்கியது வீணில்லை என்று அன்றைக்கு ஒரு நாள் அவளுக்குத் தோன்றியது.

ஸ்டான்கா நான்கு நாள் கதகதப்பாகத் தூங்கினாள்.

ஐந்தாம் நாள் சூப்பர்மார்க்கெட்டிலிருந்து டென்சிலுக்குப் போன் வந்தது. பிள்ளைகள் அம்மாவுக்குப் பூ கொடுக்கும் அன்னையர் ஞாயிறுக்குப் பத்தே நாள். நாற்பதாயிரம் கொத்து வேண்டும். பச்சை மொட்டாக வேண்டாம், மஞ்சள் தெரிய வேண்டும். அம்மாவுக்குக் காத்திருக்க நேரமில்லை. ஆனால் அந்த வருடம் வசந்தம் பிந்திவிட்டது. வயலில் இருந்ததெல்லாம் பென்சில் மாதிரி இறுகிய மொட்டு.

அவசரக் கூட்டத்தில் ஜாமைப் பற்றிக்கூடப் பேசவில்லை. எல்லோரும் அடுப்பைப் பார்த்தார்கள். பிறகு பாஸ்கோ மெல்லச் சொன்னார்: “நூத்துக்குத் தொண்ணூத்தாறு.”

“அது ஆட்களுக்கு வாங்கினது,” என்றாள் இவெலினா.

“ஆமாம் கண்ணு. பூ வித்தாத்தானே ஆட்களுக்கு வேலை? அப்போ பூவுக்குச் செய்யுறது ஆட்களுக்குச் செய்யுறதுதானே? அந்த ஏழு வண்டியையும் காலி பண்ணி மொட்டை வச்சிடுவோம்,” என்றார் டென்சில்.

“ஹீட்டரைத் தூக்கிட்டுப் போய்க் கொட்டகையில வச்சுக்கோங்க. வண்டியை ஏன் காலி பண்ணணும்?”

“கொட்டகை பெருசு, சூடு நிக்காது. கேரவன்தான் கச்சிதம். நீயேதானே நிரூபிச்சே.”

“அந்த இருபத்தொரு பேரும் எங்கே படுப்பாங்க?”

“மத்த ஏழுலயும்தான். வண்டிக்கு ஆறு பேர்,” என்றார் டென்சில். அவர் முகத்தில் ஓர் ஒளி வந்தது. “ஒரு மனுஷ உடம்பு நூறு வாட் சூடு குடுக்குமாம், படிச்சிருக்கேன். ஆறு பேர்னா அறுநூறு! வயர் வேண்டாம், பிளக் வேண்டாம், எண்ணெய் வேண்டாம்.”

இப்படியாக, மூன்று மாதம் தேடிய கச்சிதமான ஹீட்டர் கிடைத்தது. அதன் கூடுதல் சிறப்பு, பகலில் அது வயலில் இறங்கிப் பூவும் பறிக்கும்.

“நான் இதுக்குச் சம்மதிக்கலைன்னு எழுதுறேன்,” என்றாள் இவெலினா.

“தாராளமா எழுது தங்கம். உன் உணர்வுகளுக்கு இந்தக் குழுவுல எப்பவும் இடம் உண்டு,” என்றார் மொர்வென்னா.

ஏழு கேரவன்களின் கட்டில்களிலும் மேசைகளிலும் வாளிகள் ஏறின. அன்று மாலையே ஏழு வெப்பமானிகளும் வாங்கப்பட்டன. பூ விஷயத்தில் ஊகம் கூடாது. சூடு வெளியேறாமல் ஜன்னல் இடுக்குகளில் பாஸ்கோ பஞ்சு அடைத்தார். டிசம்பரிலிருந்து இவெலினா எழுதிக் கேட்ட பஞ்சு. ஸ்டான்கா ஒன்பதாம் எண்ணில் ஆறாவது ஆளாகச் சேர்ந்தாள். கடைசியாக வந்தவளுக்குக் கதவோரம்.

“இங்கே இஸ்திரி போட ஆறு பேருக்கு வரிசைடி,” என்றாள் மகளிடம். குரல் கரகரத்தது. “ஆனா அந்தப் பூவைப் பார்த்தேன். என் தலையணை மேல சாஞ்சு கிடக்குதுங்க, ராணி மாதிரி.”

வாரக் கடைசியில் மொர்வென்னா இவெலினாவைக் கூப்பிட்டார். “கொத்துல கட்டுற லேபிளுக்கு ஒரு வாசகம் வேணும். இப்பல்லாம் வாங்குறவங்களுக்குப் பூ எங்கே பூத்துச்சு, யார் கை பட்டுச்சுன்னு தெரியணும். ஜோடனை வேண்டாம். உண்மையை எழுது.”

இவெலினா எழுதினாள்: ‘இந்தப் பூக்கள் பதினாலாம் எண் கேரவனில், ஸ்டான்கா என்ற பறிப்புத் தொழிலாளியின் கட்டிலில், பதினெட்டு டிகிரி கதகதப்பில் மலர்ந்தவை. ஸ்டான்கா அப்போது அங்கே இல்லை.’

வேலை போகும் என்று எதிர்பார்த்து நின்றாள். மொர்வென்னா இரண்டு தடவை படித்தார்.

“கட்டில்ல... எவ்வளவு நேர்மை! கடைக்காரங்க இதைத்தான் கேக்குறாங்க. கடைசி வரி மட்டும் வேண்டாம் தங்கம். லேபிள் சின்னது. கச்சிதமா இருக்கணும்.”

நாற்பதாயிரம் பிரதி அச்சாயிற்று.

அன்னையர் ஞாயிறுக்கு முந்தின நாள் காலை ஸ்டான்கா வரிசையில் பாதி பறித்துக்கொண்டிருக்கும்போது உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் காய்ச்சலை அளந்தபோது முப்பத்தொன்பது புள்ளி நான்கு டிகிரி செல்சியஸ். பண்ணை சோதித்த எந்த ஹீட்டரும் தொடாத உயரம். ஒன்பதாம் எண்ணில் அறுநூறு வாட் ஐந்நூறாகக் குறைந்துவிட்டதை டென்சில் உடனே கவனித்து, மாற்று ஆள் கேட்டு எழுதினார்.

ஞாயிறன்று இவெலினா மருத்துவமனைக்குப் போனாள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது, பிழைத்துக்கொள்வாள் என்றார்கள். அவளுக்கு முன்னாலேயே பண்ணையின் பரிசு வந்திருந்தது: ஒரு கொத்து டாஃபடில், ‘எங்கள் குடும்பத்தின் அன்னைக்கு’ என்ற அட்டையோடு. அன்போடு அனுப்பியவர் மொர்வென்னா. நர்ஸ் அதை வார்டு வாசலிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உள்ளே வைக்க முடியாதும்மா. இங்கே ரொம்பச் சூடு. ஒரு மணி நேரத்துல வாடிப்போயிடும், பாவம்.”

இவெலினா லேபிளைப் பார்த்தாள். பையிலிருந்து பேனாவை எடுத்து, வெட்டப்பட்ட வரியை அதன் ஓரத்தில் எழுதினாள். இடம் போதுமானதாகவே இருந்தது.

ஸ்டான்கா இரண்டு கம்பளிக்குள் கழுத்துவரை புதைந்து கிடந்தாள். நெற்றியில் வியர்வை. “அந்த நர்ஸ் என்னடி சொல்றா?”

இவெலினா மொழிபெயர்த்தாள்: பூவுக்கு இந்தச் சூடு ஆகாதாம், உள்ளே விட மாட்டாங்களாம்.

ஸ்டான்கா வாசல் பக்கம் திரும்பி, அந்த மஞ்சள் கொத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கம்பளியை முகவாய்வரை இழுத்துக்கொண்டு சொன்னாள்:

“நிக்கட்டும். கொஞ்ச நேரம் அதுங்களும் வெளியில நிக்கட்டும்.”