பெண் வீட்டார் பார்க்க வந்த விமானி

என்னை ஒரு விமானி என்று சொல்லித்தான் கல்யாணம் பேசினார்கள். அந்தப் பொய்யை அவிழ்த்துவிட்டவர் தரகர் கபூர் காக்கா. மறுக்காமல், தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தவன் நான்.

யுத்தம் முடிந்திருந்த நேரம். நாடே சண்டையை விட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, கல்முனையில் நான் மட்டும் போர் விமானம் ஏறினேன். கம்ப்யூட்டரில்தான். கொழும்பிலிருந்த கூட்டாளி ஒருவன் ஜாய்ஸ்டிக்கும் விளையாட்டு சீடியும் அனுப்பியிருந்தான். எதிரியைச் சுடுவதெல்லாம் பிறகு. விமானத்தை நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதைக்குக் கொண்டுபோகவே எனக்கு மூன்று வாரம் பிடித்தது. முன்சக்கரம் திரும்புவதற்கு முதலில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். (அது தெரியாமல் முதல் வாரம் முழுக்கப் புல்லுக்குள் உழுதேன். நாவிதன்வெளி வயலில் உழுதிருந்தால் நெல்லாவது கிடைத்திருக்கும்.)

இதைப் பார்த்த கபூர் காக்கா நேரே அட்டாளைச்சேனைக்கு, பெண் வீட்டுக்குப் போய், "மாப்பிள்ள பிளேன் ஓட்டப் படிக்கிறார்" என்று சொல்லிவிட்டார். பெண்ணின் பெயர் சிஹானா. அவளை ஒரேயொரு தடவை பஸ்ஸில் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தச் சம்பந்தம் கைவிட்டுப் போனால் செத்தே போவேன் என்று உண்மையாகவே நம்பினேன்.

ஒரு நாள் பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு அவளுடைய வாப்பாவும் இரண்டு மாமாமாரும் மாப்பிள்ளை பார்க்க வந்தார்கள். வாப்பா வயல்காரர். தேத்தண்ணியை வைத்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"மகன், பிளேன் ஓட்டுறீங்களாமே. எங்க, ஒருக்காக் காட்டுங்க பாப்பம்."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. நான் கம்ப்யூட்டரைப் போட்டேன். போதாததற்கு, கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடும் பெரிய ஸ்பீக்கர் பெட்டி இரண்டையும் பொருத்தி வைத்திருந்தேன். (முன்யோசனைக்காரன்!)

இஞ்சின் உறுமியதும் ஜன்னல் நடுங்கியது. விமானம் நின்ற இடத்தில் ஒரு வட்டம் போட்டது. பிறகு இன்னொரு வட்டம்.

"என்ன மகன், களத்தில நெல்லுச் சூடு மிதிக்கிற ட்ரக்டர் மாதிரி சுத்துது?"

"ஓடுபாதையைத் தேடுது மாமா" என்றேன்.

ஒருவழியாக ஓடுபாதைக்கு வந்து முழு வேகம் கொடுத்தேன். வேகம் போதுமான அளவு வரும்வரை ஜாய்ஸ்டிக்கை இழுக்கக் கூடாது. எனக்கோ கல்யாண அவசரம், இழுத்துவிட்டேன். மூக்கு வானத்தைப் பார்த்தது, வேகம் விழுந்தது, அபாயச் சங்கு அலறத் தொடங்கியது. இரண்டு பெட்டியிலும்.

எங்களுடையது கடற்கரையிலிருந்து மூன்றாவது தெரு. சுனாமிக்குப் பிறகு அங்கே சங்கு ஊதினால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

"யா அல்லாஹ்! கடல் வருது, ஓடுங்க!"

தெருவே கிளம்பியது. இதில் பெரிய கேவலம், நானும் ஓடினேன். சங்கு என் மேசையிலிருந்துதான் ஊதுகிறது என்பது என் புத்திக்கு எட்டவேயில்லை. மாமனாராகப் போகிறவரைப் பின்னால் விட்டுவிட்டு, பெரிய ரோட்டைத் தாண்டி, வயல் வரம்பில் போய்த்தான் நின்றேன். (என் உம்மா எனக்கு முன்னமே அங்கே நின்றார்.) பக்கத்தில் ஒரு பெண் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சிஹானாவின் வாப்பா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். என் கையைப் பார்த்தார். ஜாய்ஸ்டிக் வயரோடு பிடுங்கிக்கொண்டு வந்து என் கையில் இருந்தது.

"இது என்ன மகன்?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றி நின்ற ஊரும் கேட்டது. பதிலுக்கு ஊர் சொன்னதை அச்சில் போட முடியாது. மாமாமார் சேற்றில் விட்ட செருப்பைக்கூடத் தேடாமல் பஸ் ஏறினார்கள்.

எல்லாம் முடிந்தது என்று மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். நாலாம் நாள் கபூர் காக்கா சிரித்துக்கொண்டு வந்தார். வாப்பா வேண்டவே வேண்டாம் என்றாராம். மகள்தான் விடவில்லையாம்.

"பிளேன் எழுப்பத் தெரியாத மாப்பிள்ளதான் வாப்பா எனக்கு வேணும். உங்கட மூத்த மருமகன் மாதிரி கலியாணம் முடிச்சி மறு மாசம் சவூதிக்குப் பறக்கமாட்டார். ஊட்டோட இரிப்பார்."

இன்றுவரை நான் பாஸ்போர்ட் எடுக்கவில்லை. வெளிநாடு என்று யாராவது வாயெடுத்தால் போதும், சிஹானா பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்கிறாள்:

"உங்கட வாப்பா பைலட்தான். ஆனா தரையாலதான் ஓடுவார்."