பத்துக்கு அடுத்தது நூறு

பத்து நிமிட வேலையைத் தவிர்ப்பதற்காக இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தவள் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மீதி மானக்கேட்டைச் சொல்வது கொஞ்சம் சுலபம்.

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் அப்போது நான் டிரெய்னி. சாமல்பட்டிப் பக்கம் தக்காளி போடும் வீட்டிலிருந்து வந்த டிப்ளமோக்காரி. வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆடிட் வருகிறது என்றதும் மேனேஜர் நாகராஜ் சார் என்னைக் கூப்பிட்டார்.

“இந்த ஆடிட் நல்லபடியா முடியட்டும்மா. உன் பேரைப் பெர்மனென்ட்டுக்கு எழுதி அனுப்பறேன்.”

மூலப்பொருள் உள்ளே வருவதிலிருந்து சரக்கு லாரியில் ஏறுவது வரை எங்கள் தயாரிப்பில் பன்னிரண்டு படிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடிஎஃப். படியின் எண்தான் கோப்பின் பெயர்; 10, 20, 30 என்று பத்துப் பத்தாக ஏறி 120-இல் முடியும். (நடுவில் புதிதாக ஒரு படி வந்தால் நுழைக்க இடம் வேண்டுமே!) பன்னிரண்டையும் ஒரே கோப்பாக்கி ஆடிட்டருக்கு அனுப்ப வேண்டும். என் வேலை அவ்வளவுதான்.

கையாலேயே ஒவ்வொன்றாகச் சேர்த்திருக்கலாம். ஆனால் எனக்கு அப்போது புரோகிராம் பைத்தியம் பிடித்திருந்தது. கம்பெனி பஸ்ஸில் வீடியோ பார்த்துப் பார்த்து, இரண்டு ஞாயிறும் உட்கார்ந்து பைத்தானில் பதினோரு வரி எழுதினேன். ஃபோல்டரில் இருக்கும் பிடிஎஃப்களைப் பெயர் வரிசையில் அடுக்கு, எடு, ஒட்டு, சேமி. நாகராஜ் சாரை வரவழைத்து, அவர் கண் முன்னாலேயே பட்டனைத் தட்டினேன். ஒரே நொடி, ஒரே கோப்பு. ராக்கெட் விட்டவள் போல நின்றேன்.

“செக் பண்ணிட்டியாம்மா?”

“பண்ணிட்டேன் சார்.”

(பண்ணினேன்தான். முதல் பக்கம் மூலப்பொருள், கடைசிப் பக்கம் இறுதிப் பரிசோதனை. ‘இறுதி’ என்றால் கடைசிதானே! நடுவில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது?)

ஆடிட்டர் பெங்களூரிலிருந்து வந்தார். கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், சிரிக்க மட்டும் மாட்டார். என் கோப்பை டேப்லெட்டில் திறந்து வைத்துக்கொண்டு மூலப்பொருள் கிடங்கைப் பார்த்தார். பிறகு அடுத்த பக்கத்தைத் தள்ளினார்.

“அடுத்தது பேக்கிங். நடீரி, போலாம்.”

நாகராஜ் சார் ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். “சார், அடுத்தது லேத்து சார்.”

“உங்க ஃபைல்ல பேக்கிங்னு இருக்கு. நான் ஃபைல் பிரகாரம்தான் போவேன்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கம்ப்யூட்டர் எண்களை எண்களாகப் பார்க்கவில்லை. அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து அடுக்கியிருந்தது. பத்துக்கு அடுத்து நூறு, நூற்றுப் பத்து, நூற்றிருபது. அதற்குப் பிறகுதான் இருபது. அதாவது என் கோப்பின்படி, எங்கள் கம்பெனி வந்த இரும்பை அப்படியே பெட்டியில் போட்டு, லேபிள் ஒட்டி, லாரியில் ஏற்றிவிட்டு, அப்புறம் நிதானமாகக் கடையத் தொடங்கும்.

பேக்கிங் பகுதிக்கு எந்த ஆடிட்டரும் மதியம் மூன்று மணிக்குத்தான் வருவார். அதற்குள் தரையைத் துடைத்து, புதுக் கையுறை கொடுத்து, பதில்களை மனப்பாடம் செய்ய வைத்துவிடுவோம். இப்போது மணி ஒன்பதே முக்கால். நான் முன்னால் ஓடினேன்.

“அக்கா, ஆடிட்டர் வந்துனு இருக்காரு!”

பேக்கிங் பொறுப்பாளர் செல்வி அக்கா தேனிக்காரர். நிமிரக்கூட இல்லை. “வரட்டும்த்தா. நான் என்னத்தை ஒளிச்சா வச்சிருக்கேன்?”

வந்தவர் பெட்டிக்குள் கையை விடப் போனார். அக்கா சட்டென்று மறித்தார். “வெறுங்கையால தொடாதீக சார், வேர்வை பட்டா துரு ஏறிரும். இந்தாங்க கையுறை.”

நாகராஜ் சார் கண்ணை மூடிக்கொண்டார். நான் மனதுக்குள் சாமல்பட்டிக்கு ரயிலேறிவிட்டேன், தக்காளி பறிக்க.

ஆடிட்டர் கையுறையை மாட்டிக்கொண்டு நான்கு பெட்டிகளைத் திறக்கச் சொன்னார். எல்லாம் சரியாகவே இருந்தன. அங்கிருந்து லாரி, லாரியிலிருந்து திரும்பி லேத்து என்று கோப்பின்படியே நாள் முழுக்க எங்களை நடக்க வைத்தார்.

மாலைக் கூட்டத்தில், “இந்த ஃபைல் யாரு பண்ணது?” என்றார். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. எழுந்து நின்றேன்.

“தப்புன்னு ஒண்ணுதான் எழுதிருக்கேன், பக்க வரிசை. முன்னாடி சைபர் போட்டு 010, 020ன்னு பேர் வச்சிருந்தா சரியா வந்திருக்கும்மா. ஆனா எல்லாக் கம்பெனிலயும் எனக்கு ஜோடிச்ச பேக்கிங்கைத்தான் காட்டுவாங்க. ஜோடிக்காத பேக்கிங்கை இன்னிக்குத்தான் பாத்தேன். சென்னாகிதே!” நன்றாக இருக்கிறதாம். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார்.

தப்புக்கு அறிக்கை எழுத வேண்டும். ஐந்து முறை ‘ஏன்’ கேட்டு ஆணிவேரைப் பிடிப்பது தொழிற்சாலை வழக்கம். ஐந்தாவது ஏனுக்கு நேர்மையாக, “சார் முன்னால் சீன் போட்டதால்” என்று எழுதினேன். நாகராஜ் சார் அதை அடித்துவிட்டு, “சரிபார்க்காததால்” என்று மாற்றினார். கையெழுத்துப் போடும்போது அவர் தோள் சிரிப்பில் குலுங்கியது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், பெர்மனென்ட் ஆர்டரும் வந்தது. அதைச் செல்வி அக்காவிடம் காட்டி அழுதே விட்டேன்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னதுதான் நான் செய்த அடுத்த தப்பு. உத்தனப்பள்ளியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளறையில் இருந்தேன். முதலில் டிபனா, பெண்ணா என்று அம்மா தடுமாற, அண்ணன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

“இவ பிடிஎஃப் சேத்த மாதிரியே போயிரலாம்மா. பத்துக்கு அப்புறம் நூறு. சாப்பாடு போட்டு, தாம்பூலம் குடுத்து, வேன்ல ஏத்தி அனுப்பிரலாம். பொண்ணை அப்புறமா காட்டிக்கலாம்.”

கூடத்தில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு குரல் மட்டும் சிரித்தது. “முன்னாடி சைபர் போடலியா அவங்க?”

கதவுக்குப் பின்னாலிருந்தே அம்மாவிடம் சம்மதம் என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம்தான் அந்தக் குரலுக்குரிய மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்தேன். அதிலும் வரிசை தப்பிவிட்டது என்று அண்ணன் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான்.